ஹக்கை விட்டுக் கொடுக்கலாமா? – நீதிபதி மு. மு. இஸ்மாயில் அவர்கள் விஷயமாக



கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுக்குள் ஒரு தகராறு வந்துவிட்டால் இரண்டு விதமான யோசனைதான் காதில் விழும். "அல்லாஹ் பார்த்துக் கொள்வான், விட்டுத் தொலை" என்பார் ஒருவர். "நியாயம் உன் பக்கம் இருக்கும்போது விடுவதாவது! கடைசி வரைக்கும் பார்" என்பார் மற்றொருவர். கூட்டு வியாபாரத்தில் பங்கு பிரிக்கும்போதும், கட்டடக்காரர் வாடகையை ஒரேயடியாக ஏற்றும்போதும், ஜமாஅத்து நிர்வாகத்தில் ஒருவரை ஒதுக்கி வைக்கும்போதும் இதே இரண்டு யோசனைகள்தான். விட்டுப் போனவரைப் பெருந்தன்மைக்காரர் என்று முகத்துக்கு முன்னே சொல்லுவார்கள். அவர் தலை மறைந்ததும் கையாலாகாதவர் என்பார்கள். நின்று வழக்காடியவரை நெஞ்சுரமுள்ளவர் என்பாரும் உண்டு, ஆசை பிடித்தவர் என்பாரும் உண்டு. உண்மையில் எது சரி? விடுவதற்கும் நிற்பதற்கும் மார்க்கத்தில் ஏதேனும் அளவுகோல் இருக்கிறதா?

கேள்வியை வெறும் வாய்ப்பேச்சாக வைத்துக் கொண்டிருந்தால் விடை கிடைக்காது. ஒரு மனிதருடைய காரியத்தை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தகுந்தவர் ஒருவர் நம் சமூகத்திலேயே இருந்திருக்கிறார். நாகூரில் 1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி பிறந்து, சென்னை ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாக உயர்ந்து, 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் காலஞ்சென்ற மர்ஹூம் ஜனாப் மு. மு. இஸ்மாயில் அவர்களைத்தான் சொல்லுகிறேன்.

நாகூர் என்றால் நமக்கு அந்நியமான ஊரல்ல. பினாங்கில் அவ்வூர் தர்காவின் பெயராலேயே ஒரு கட்டடம் நிற்கிறது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும் கடை வைத்தவர்களில் எத்தனையோ பேருடைய பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறினார்கள். ஆனால் நம்மவர்களிடம் கேட்டால் நாகூர் ஹனீபாவைத் தெரிகிறது, நீதிபதி இஸ்மாயிலைத் தெரிந்தவர் குறைவு. பாட்டு கடல் தாண்டி வருகிறது. தீர்ப்பு வருவதில்லை போலும்.

அவருடைய உத்தியோக வரலாறு சுருக்கமாக இதுதான். வக்கீலாக இருந்தவர் 1967-ல் டில்லி ஹைகோர்ட்டில் நீதிபதியானார். அதே ஆண்டிலேயே சென்னைக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979 நவம்பரில் பிரதம நீதிபதியானார். 1980-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் கவர்னர் பதவி காலியானபோது சில நாட்கள் தமிழ்நாட்டின் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார். கவர்னர் மாளிகையில் ஒரு வாரம் இருந்ததைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று 1977-ல் அவர் நடத்திய விசாரணை. மற்றது 1981-ல் அவர் எழுதிக் கொடுத்த ராஜினாமா. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்முடைய கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

முதலில் விசாரணை. 1975 ஜூனில் இந்தியாவில் அவசரநிலை பிரகடனமானது. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, அக்கட்சிக்காரர்கள் பலர் மிசாச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டுச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சிறை இப்போது இல்லை, இடித்து விட்டார்கள். 1976 பிப்ரவரி 2-ந் தேதி இரவு அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்கள் கடுமையாக அடிக்கப்பட்டார்கள். சென்னை மேயராகவும் பார்லிமெண்டு மெம்பராகவும் இருந்த சிட்டிபாபு அவர்களில் ஒருவர். 2021-ல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான மு. க. ஸ்டாலின் அப்போது வாலிபர். அவர் மேல் விழ வந்த அடியைச் சிட்டிபாபு குறுக்கே விழுந்து தாங்கிக் கொண்டார் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்து போனார். சிறையில் அவர் எழுதி வைத்த குறிப்புகள் பிற்பாடு 'சிறை டைரி' என்று நூலாக வந்தன.

ஆட்சி மாறிய 1977-ல் இதை விசாரிக்கக் கமிஷன் ஏற்பட்டது. நீதிபதி இஸ்மாயில்தான் அந்தக் கமிஷன். நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிறை மதிலுக்குள் நடந்த காரியம். அடித்தவர்கள் சிறைச் சிப்பந்திகள், அவர்களுக்குக் கைத்தடியாக இருந்த பழைய கைதிகள். அடி பட்டவர்கள் அரசியல்வாதிகள்; அரசியல்வாதி சொல்வதில் உப்பும் புளியும் கூடத்தான் இருக்கும் என்று யாரும் சந்தேகப்படலாம். சிறை ரிஜிஸ்தர்களோ அடித்தவர்களின் கையிலேயே இருந்தவை. நம் கடையில் கல்லாவும் கணக்கும் ஒருவனிடமே இருந்தால் களவைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம் இதிலும். அப்படியிருந்தும் அவர் சாட்சிகளைக் கேட்டு, எடுத்து வைத்த காகிதங்களைப் பார்த்து, அடி நடந்தது மெய்யே என்று அறிக்கை கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிட்டிபாபு இறந்து போனவர். இறந்தவர் வந்து "என்னை அடித்தவனை நான் மன்னித்தேன்" என்று சொல்ல முடியாது. "மன்னிக்கவில்லை, கேட்டுக் கொடு" என்றும் சொல்ல முடியாது. அவருடைய ஹக்கு அந்தரத்தில் நிற்கிறது. அதை விட்டுக் கொடுக்க உலகத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை. விசாரிக்க உட்கார்ந்தவர், "போனது போகட்டும், ஊரில் அமைதி வேண்டும்" என்று சொல்லியிருந்தால் அது பெருந்தன்மை ஆகாது. அடுத்தவன் பணத்தில் தர்மம் செய்தது போலத்தான் ஆகும்.

நிற்க. இரண்டாவது விஷயத்துக்கு வருவோம்.

1981 ஜனவரியில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. பாட்னா ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி கே. பி. என். சிங் அவர்களைச் சென்னைக்கும், சென்னையிலிருந்த இஸ்மாயில் அவர்களைக் கேரளத்துக்கும் மாற்றியது அந்த உத்தரவு. கேரளமும் ஹைகோர்ட்டுதானே, நாற்காலியும் அதே பிரதம நீதிபதி நாற்காலிதானே, இதில் என்ன குறைந்து போயிற்று என்று சில அன்பர்கள் கேட்கலாம். குறை நாற்காலியில் இல்லை. நீதிபதியை அவர் சம்மதம் இல்லாமல் ஊர் மாற்றலாம் என்றாகிவிட்டால், அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதுகிறவரைத் தூரத்துக்கு அனுப்பலாம் என்றும் ஆகிவிடும். இது வீண் சந்தேகமுமல்ல. அவசரநிலைக் காலத்தில், 1976-ல், 16 ஹைகோர்ட் நீதிபதிகள் அப்படி மாற்றப்பட்டார்கள். அவர்களில் குஜராத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டதில், தண்டனை போல மாற்றக் கூடாது, பொதுநன்மைக்காக மட்டுமே மாற்றலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1977-ல் சொல்லியிருந்தது. ஆகவே 1981-ல் மறுபடியும் உத்தரவு வந்தபோது வக்கீல்கள் கொதித்தது இயல்பே.

ஒரே உத்தரவு இரண்டு பேர் தலையில் விழுந்தது. அவர்கள் போன வழிதான் வேறு வேறு.

சிங் அவர்கள் தம் மாற்றத்தை எதிர்த்து வழக்கில் நின்றார். தம்மை முறைப்படி கலந்து பேசவில்லை, காரணம் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. இஸ்மாயில் அவர்கள் விஷயமாகவும் சில வக்கீல்கள் தாமாகவே வழக்குப் போட்டார்கள். அவரோ, தாம் இந்த மாற்றத்தை எதிர்த்து வழக்காடப் போவதில்லை என்றும், தம் பெயரைச் சொல்லித் தமக்காக வேறு யாரும் வழக்காடுவதில் தமக்குச் சம்மதம் இல்லை என்றும் கோர்ட்டுக்குத் தெரிவித்து விட்டார். கேரளத்துக்கும் போகவில்லை. 1981 ஜூலையில் ராஜினாமாக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 60. ஹைகோர்ட் நீதிபதிக்கு ஓய்வு 62-ல். அதாவது ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட பதவியும், அதன் சம்பளமும், அதற்கு மேலே ஏறக்கூடிய படி இருந்தால் அதுவும் அத்தோடு போயிற்று.

சிங் அவர்களின் வழக்கு எஸ். பி. குப்தா வழக்கு என்ற பெயரில் மற்ற வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு, 1981 டிசம்பர் 30-ந் தேதி தீர்ப்பானது. ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். நான்கு பேர் மாற்றம் செல்லும் என்றார்கள். மூன்று பேர் செல்லாது என்றார்கள். ஒரே ஒருவர் சாய்ந்ததில் சிங் தோற்றார். ஆனால் தோற்ற வழக்கு வீணாகப் போகவில்லை. அரசு தன் காகிதங்களை எப்போதும் இரகசியம் என்று சொல்லி மறைத்துக் கொள்ள முடியாது என்பது அந்த வழக்கிலே ஊன்றப்பட்டது. ஏழை எளியவர்களுக்கு அநியாயம் நடந்தால், கோர்ட்டுப் படி ஏற முடியாத அவர்களுக்காக, பொது நோக்கமுள்ள எவரும் வந்து கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் விரிவாகச் சொல்லப்பட்டது. இன்று இந்தியாவில் பொதுநல வழக்கு என்று பேசுகிறார்களே, அதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய தூண். நீதிபதிகள் விஷயமாக அன்று பெரும்பான்மை சொன்ன கருத்தும் நிலைக்கவில்லை. 1993 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, இந்தியாவின் தலைமை நீதிபதி சொல்லுக்கே முதலிடம் என்று மாற்றி விட்டார்கள்.

ஆக, விட்டுப் போனவர் ஒருவர், நின்று கேட்டவர் ஒருவர். யார் செய்தது சரி?

நம் மதரஸாக்களில் ஓதிய பிள்ளைகளுக்கு ஹக்கு என்பது இரு வகை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அல்லாஹ்வின் ஹக்கு ஒன்று, அடியார்களின் ஹக்கு ஒன்று. அடியாரின் ஹக்கை அந்த அடியாரே மன்னித்தாலன்றித் தீராது. தன் கடன்காரன் கஷ்டத்தில் இருந்தால் தவணை கொடுக்கவும், தள்ளிவிட்டால் அது இன்னும் மேல் என்றும் குர்ஆன் ஷரீபில் சூரத்துல் பகராவில் சொல்லப்பட்டிருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் ரமலானில் பேரேட்டைப் புரட்டி, வராத பாக்கியில் ஒன்றிரண்டை அல்லாஹ்வுக்காக அடித்து விடுகிறோம். நல்ல காரியந்தான். ஆனால் யதீம் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக் கொள்ளும் வலீ, அந்தப் பிள்ளைக்கு வர வேண்டிய கடனை அப்படி அடித்து விடலாமா? கூடாது. பைத்துல்மால் பொருளாளர், பைத்துல்மாலுக்கு வர வேண்டியதைத் தம் சிநேகிதருக்காக விட்டுக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. தன்னுடையதை விடுகிற கைதான் விடலாம். அமானத்தாக வாங்கிய கை விடக் கூடாது.

இந்த அளவுகோல் நேரானது. இதன்படி 1977-ல் இஸ்மாயில் அவர்கள் செய்தது சரி என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல் 1981-ல்தான். பிரதம நீதிபதிப் பதவி அவருடைய சொந்த ஹக்கா, ஜனங்களுடைய அமானத்தா?

சம்பளம் அவருடையது. கௌரவம் அவருடையது. சென்னையிலேயே இருந்து ஓய்வு பெற வேண்டும் என்ற ஆசை இருந்திருந்தால் அதுவும் அவருடையது. இவற்றை விட்டதற்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் நீதிபதியை அரசு நினைத்தபடி நகர்த்த முடியாது என்கிற காப்பு இருக்கிறதே, அது நீதிபதியின் சொத்தல்ல. அரசோடு வழக்குள்ள ஏழைக்கு அது சொந்தம். நாளைக்குச் சிறையில் அடிபடப் போகிறவனுக்குச் சொந்தம். அப்படியானால் அதற்காக நிற்காமல் போனவர், தம்முடையதல்லாததையும் சேர்த்து எழுதிக் கொடுத்து விட்டார் என்று ஒருவர் வாதாடினால் அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இந்த வாதம் வலுவானது என்றே எனக்கும் படுகிறது.

நமது மலேசியாவிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1988-ல் அப்போதைய லார்டு பிரெசிடெண்ட் துன் சாலே அபாஸ் அவர்கள் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். முதலில் ஓய்வு பெற்றுக் கொள்வதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள், சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கிக் கொண்டு, விசாரணை மன்றம் வைத்தாலும் சரி என்று நின்றார்கள். அந்த மன்றத்தின் நடவடிக்கையைத் தடுத்து உத்தரவு போட்ட சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஐந்து பேரும் இடைநிறுத்தப்பட்டு, அவர்களில் இருவர் நீக்கப்பட்டார்கள். துன் சாலே அபாஸ் அவர்களும் அந்த ஆகஸ்டில் நீக்கப்பட்டார்கள். கௌரவமாக ஓய்வு பெற்றுப் போகும் வாசல் திறந்திருக்கும்போதே, அதில் நுழையாமல் அவமானத்தின் வாசலில் போய் நின்றார்கள். 2008-ல் அரசாங்கம் அந்த நீதிபதிகளுக்கு ஒரு தொகை கொடுத்தது. இருபது ஆண்டு கழிந்து போயிருந்தது. அதற்குள் சிலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். 2021 ஜனவரியில் துன் அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று கோலாலம்பூரில் கடை வைத்திருந்த பெரியவர்களில், "அவர் பேசாமல் போயிருக்கலாமே" என்று சொன்னவர்களும் உண்டு என்று கேட்டிருக்கிறேன். சொல்லுவது சுலபம். அவர் பேசாமல் போயிருந்தால், அப்படி ஒன்று நடந்தது என்பதே எழுத்தில் இல்லாமல் போயிருக்கும்.

இதைப் பார்க்கும்போது நிற்பதே சரி, விடுவது தப்பு என்று முடிவு கட்டத் தோன்றும். நான் அப்படி முடிவு கட்டத் தயாரில்லை. மார்க்கத்தின் சரித்திரத்திலேயே இரண்டு வழியும் கண்ணியமாக நிற்கின்றன. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களைக் கலீபா மன்சூர் காழியாக இருக்கச் சொன்னபோது மாட்டேன் என்று மறுத்துச் சிறைபட்டார்கள்; ஹிஜ்ரி 150-ல் வபாத்தானார்கள். அவர்களிடம் ஓதிய இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீது காலத்தில் தலைமைக் காழியாக உட்கார்ந்தார்கள். உஸ்தாது விட்டதைச் சீடர் எடுத்தார். இதற்காக ஹனபி மத்ஹபுக்காரர் எவரும் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்திப் பேசக் கண்டதில்லை.

தாவூது நபி (அலை), சுலைமான் நபி (அலை) ஆகிய இருவரும் தீர்த்த ஆட்டு வழக்கு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒருவன் ஆடுகள் இராத்திரியில் இன்னொருவன் பயிரை மேய்ந்து விட்டன. ஆடுகளை நஷ்டப்பட்டவனுக்கே கொடுத்துவிடச் சொன்னார்கள் தகப்பனார். மகனார் சொன்ன தீர்ப்பு வேறு: பயிர்க்காரன் ஆட்டை வைத்துப் பாலையும் ரோமத்தையும் அனுபவிக்கட்டும், ஆட்டுக்காரன் நிலத்தைப் பண்படுத்திப் பயிரை முன் போல ஆக்கட்டும், பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. சுலைமான் நபிக்கு அதை விளங்க வைத்ததாகச் சொல்லும் இறைமறை, அதே இடத்தில் இருவருக்குமே ஞானம் அளிக்கப்பட்டதாகவும் சொல்லுகிறது. ஒரு தீர்ப்பு மேலாக இருப்பதால் மற்றவர் அநியாயக்காரர் ஆகிவிடவில்லை.

அப்படியானால் இஸ்மாயில் அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? ஜனாஸாத் தொழுகையை நினைத்துக் கொள்ளுங்கள். அது பர்ளு கிபாயா. ஊரில் ஒருவருமே தொழாவிட்டால் எல்லோர் மேலும் குற்றம். சிலர் தொழுதுவிட்டால் மற்றவர்கள் மேல் கடமை நீங்கிவிடுகிறது. நீதிபதிகளின் காப்பு ஜனங்களின் அமானத்து என்றால், அதற்காகக் கோர்ட்டில் நிற்பதும் பர்ளு கிபாயா போன்றதே என்று நான் நினைக்கிறேன். 1981-ல் அந்தக் கடமையைச் சிங் அவர்கள் தோளில் எடுத்துக் கொண்டு விட்டார். மாற்றம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி நாட்டின் மேலான கோர்ட்டுக்கு எப்படியும் போய்விட்டது. அதற்கு மேலும் இஸ்மாயில் அவர்கள் நின்றிருந்தால், அது தம் நாற்காலிக்காக நின்றதாகவே ஆகியிருக்கும். நீதி வழங்குகிறவர் தாமே கட்சிக்காரராகவும் கோர்ட்டில் நின்றால், அந்த மாதங்களில் அரசை எதிர்த்து அவர் எழுதும் தீர்ப்பைக் கோபத்தில் எழுதியது என்பார்கள். அரசுக்குச் சாதகமாக எழுதினால் பயத்தில் எழுதியது என்பார்கள். தராசில் நிறுப்பவன் தன் கையையே தட்டில் வைத்துக் கொண்டது போல. அவர் கையை எடுத்துக் கொண்டார். அது சரி என்பதே என் அபிப்பிராயம்.

ஆனாலும் ஓர் இடம் எனக்கு இடறிக் கொண்டே இருக்கிறது. தாம் வழக்காடவில்லை என்பது வரை சரி. தமக்காகப் பிறரும் வழக்காட வேண்டாம் என்றது ஏன்? சிங் அவர்கள் அன்று வழக்கில் இல்லாமல் இருந்திருந்தால், அந்த ஒரு வார்த்தையால் பொது வழக்கே படுத்துப் போயிருக்கும். அப்படி நேர்ந்திருந்தால் நான் மேலே சொன்ன சமாதானம் நிற்காது. வேடிக்கை என்னவென்றால், பிறருக்காக யாரும் வழக்காடலாம் என்று கதவைத் திறந்த அந்தத் தீர்ப்பே, பாதிக்கப்பட்டவர் தாமே விரும்பி விட்டுவிட்ட விஷயத்தில் மூன்றாம் மனிதர் நுழையக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. கேட்க முடியாதவனுக்காக ஊரார் கேட்கலாம். கேட்க முடிந்தும் வேண்டாம் என்கிறவனை ஊரார் இழுக்கக் கூடாது. கோர்ட்டு சொன்னது சரி என்றே வைத்துக் கொள்வோம். இருந்தாலும் வேண்டாம் என்கிறவர் தம்முடையதை மட்டும் வேண்டாம் என்கிறாரா, நம்முடையதையும் சேர்த்தா என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதை நம் கடைத்தெருவில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். ஒரு வரிசையில் பத்துக் கடை. வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு செலவைக் கட்டடக்காரர் எல்லோர் தலையிலும் போடுகிறார். ஒரு கடைக்காரர் வக்கீலிடம் போகிறார். ஒன்பது பேர் போகவில்லை. போகாததில் தவறில்லை, ஒருவர் போனதே போதும். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர், "என் பெயரை இழுக்காதே, என் ரசீதைக் காட்டாதே" என்று சொல்லி, பின்பு அந்த ஒருவர் ஜெயித்ததும் தாமும் குறைந்த வாடகை கட்டினால் அதற்கு என்ன பெயர்? இஸ்மாயில் அவர்களை இந்த ஒன்பதாவது ஆளோடு சேர்க்க முடியாது. ஏனென்றால் சிங் ஜெயித்தால் வரக்கூடிய இலாபத்தையும் சேர்த்தே அவர் விட்டார். தீர்ப்பு வருவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்பே நாற்காலியை விட்டு இறங்கி விட்டார். வழக்கில் சேராமல், அதன் பலனையும் வாங்காமல் போனவர் அவர். நம்மில் விட்டுக் கொடுத்தோம் என்று சொல்லிக் கொள்கிறவர்கள் எத்தனை பேர் பலனை வாங்காமல் இருக்கிறோம்?

ஜமாஅத்துப் பதவிகளிலும் இதே கணக்குத்தான். ஒதுக்கப்பட்ட செயலாளர் கோபித்துக் கொண்டு விலகுகிறார். அவருக்கு ஏற்பட்ட அவமானம் அவருடையது, அதை அவர் மன்னித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் கையில் இருந்த கணக்குப் புத்தகத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தும், "எனக்கு எதற்கு வம்பு" என்று பேசாமல் போனால், அது மன்னிப்பு அல்ல. சந்தா கட்டிய ஏழைத் தொழிலாளியின் ஹக்கை அவர் விட்டுவிட்டுப் போகிறார். பதவியை விடட்டும், கணக்கைச் சொல்லிவிட்டு விடட்டும்.

இஸ்மாயில் அவர்கள் வீட்டுக்குப் போய் முடங்கி விடவில்லை. சென்னைக் கம்பன் கழகத்தை 1975-லேயே தலைவராக இருந்து நடத்தத் தொடங்கியிருந்தவர், அதற்குப் பிறகு இன்னும் முழு மனதோடு தமிழில் இறங்கினார். ஒரு முஸ்லிம் இராமகாதையைப் பேசுவதா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்ணக்களஞ்சியப் புலவர் பாடிய சுலைமான் நபி சரித்திரமான இராஜநாயகத்தைப் பற்றி எழுதியவரும் அவரே. மறைந்திருந்து அம்பு எய்த இராமனை வாலி நியாயம் கேட்கும் கட்டம், கம்பன் அன்பர்களெல்லாம் கட்சி கட்டிக் கொண்டு வாதாடும் கட்டம் அல்லவா? 'மூன்று வினாக்கள்' என்று அவர் எழுதிய நூல் அந்த வழக்கைப் பற்றியதுதான். பதவியை விட்டாலும், அடிபட்டவன் கேட்கிற கேள்வியைக் கேட்டுக் கொள்ளும் வழக்கம் அவரை விடவில்லை.

அவர் எழுந்து போன சென்னை நாற்காலியில், வழக்குத் தோற்று, 1982 மார்ச்சில் வந்து உட்கார்ந்தவர் சிங் அவர்கள்தான். 1984 வரை அவர் அங்கே பிரதம நீதிபதியாக இருந்தார்.